மெதுவாக ஆடிப் பாருங்கள், பிளேடு தெரிந்துவிடும்

கேள்வி: ரெடிமேட் டேபிள் டென்னிஸ் மட்டையை விட்டுவிட்டுத் தனியாக பிளேடும் (மட்டையின் மரப்பகுதி) அதன்மேல் ஒட்டும் ரப்பரும் வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பெட்டியை எடுத்தாலும் ஸ்பீடு இவ்வளவு, கன்ட்ரோல் இவ்வளவு என்று எண் போட்டிருக்கிறது. அதை நம்பலாமா, இல்லை நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: ஒரே கம்பெனியின் இரண்டு பிளேடுகளில் எது வேகம் என்று பார்க்க மட்டும் அந்த எண் உதவும். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், அவரவர் அளவுகோல் வேறு. கன்ட்ரோல் எண் இருக்கிறதே, பெரும்பாலும் அது வேகம் ஏறினால் இறங்கும், அவ்வளவுதான், அதில் புதிதாக ஒன்றும் தெரியாது.

நீங்களே சோதிப்பதுதான் சரி. ஆனால் இரண்டு பிளேடிலும் ஒரே ரப்பர் ஜோடியைத்தான் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு 1.8 மி.மீ.யிலிருந்து 2.1க்குப் போனாலே மட்டை வேறு மாதிரி ஆகிவிடும், அப்புறம் பிளேடைப் பற்றி என்ன சொல்ல முடியும்? ரப்பரின் வேகத்தைக் கூட்டிய கரைப்பான் பசையான ஸ்பீடு க்ளூவுக்கு 2008இல் தடை வந்த பிறகு எல்லாரும் நீர்ப்பசைக்கு மாறிவிட்டதால் ரப்பரை உரித்து மறுபடி ஒட்டுவது பெரிய வேலையில்லை. மெல்ல உரியுங்கள், வெடுக்கென்று இழுத்தால் மரத்தின் மேல் அடுக்கு சிராய் சிராயாகக் கையோடு வரும். எடையையும் பாருங்கள். ஒரே மாடலில் 82 கிராமும் இருக்கும், 90 கிராமும் இருக்கும், இரண்டும் ஒரே மாதிரி ஆடாது.

ரப்பர் ஒட்டுவதற்கு முன்னால் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து வெறும் மரத்தில் பந்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விறைப்பான பிளேடு, மந்தமாகக் கேட்டால் வளைந்து கொடுக்கும் பிளேடு. பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப ஏறுகிறது. மரமும் அடுக்கும் ஒன்றாகவே இருந்தால்கூட 5.5 மி.மீ. பிளேடை விட 6 மி.மீ. பிளேடு ஏறக்குறைய 30 சதவீதம் விறைப்பு. அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது.

இனி மேஜைக்குப் போங்கள். பலர் எடுத்த எடுப்பில் ஸ்மாஷ் அடித்துப் பார்த்து "ஆகா, என்ன வேகம்" என்கிறார்கள். ஓங்கி அடித்தால் எந்த பிளேடும் வேகமாகத்தான் போகும். மெதுவாகத் தொடும்போது பந்து எவ்வளவு தெறிக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பட்டர்ஃபிளை கம்பெனியின் வியஸ்காரியா பிளேடில் மேல் அடுக்குக்கு அடியிலேயே கார்பன் கலந்த இழை இருக்கிறது, அதனால் சின்னத் தொடுதலுக்கும் பந்து துள்ளும். அதே கம்பெனியின் இன்னர்ஃபோர்ஸ் வகையில் அதே இழை நடு மரத்தை ஒட்டி உள்ளே போய்விடுகிறது. மெதுவாக ஆடினால் மரப் பிளேடு போலவே இருக்கும், பலமாக அடிக்கும்போதுதான் கார்பன் வேலையைக் காட்டும். ஸ்மாஷை மட்டும் அடித்துப் பார்த்தால் இது பிடிபடவே பிடிபடாது.

ஆகவே கூட ஆடுபவரைக் குட்டையான பேக்ஸ்பின் (பந்து பின்னோக்கிச் சுழலும்) சர்வீஸ் போடச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பித் தள்ளும் பந்து அவர் பக்கத்தில் இரண்டு முறை குதிக்க வேண்டும். மேஜையைத் தாண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தால் அந்த பிளேடு இப்போதைக்கு உங்களுக்கு வேகம் அதிகம். அடுத்து அவரை டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும்படி) அடிக்கச் சொல்லி, கையை ஆட்டாமல் வெறுமனே மட்டையை வைத்து பிளாக் செய்யுங்கள், பந்துகள் ஒரே இடத்தில் விழுகின்றனவா அல்லது மேஜையெங்கும் சிதறுகின்றனவா என்று பாருங்கள். கன்ட்ரோல் என்று நான் சொல்வது இதைத்தான். பிறகு பேக்ஸ்பின் பந்தைப் பாதி பலத்தில் லூப் செய்யுங்கள், அதாவது மேல்நோக்கி உரசி டாப்ஸ்பினாகத் திருப்புங்கள். வளைந்து ஏறி இறங்கினால் நல்லது, நேராகப் போய் வலையில் மோதினால் பிளேடு பந்தை உங்களுக்கு முன்பே விட்டுவிடுகிறது என்று அர்த்தம். நுனிப் பக்கமும் ஓரத்திலும் வேண்டுமென்றே சில பந்துகளை வாங்கிப் பாருங்கள், ஏனென்றால் ஆட்டம் சூடுபிடித்த பிறகு எல்லாப் பந்தும் நடுவில் படாது.

ஃபீல் என்பதைக் கைக்கு இதமாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது தகவல். பந்தை மெல்ல உரசினேனா, அழுத்தி அடித்தேனா என்பது பந்து விழும் முன்பே கைக்குத் தெரிய வேண்டும். மேல் அடுக்கு கோட்டோ மரமென்றால் கடினமாக, தெளிவாக இருக்கும், லிம்பா மரமென்றால் கொஞ்சம் மென்மை, பந்து ஒரு கணம் ஒட்டிக்கொண்டு போவது போலிருக்கும். எது உயர்ந்தது என்றெல்லாம் இல்லை. முதல் நாளே முடிவெடுக்காதீர்கள், புதுசு எல்லாமே நன்றாகத்தான் தோன்றும். சில நாள் ஆடிவிட்டுப் பழைய மட்டையைக் கையில் எடுங்கள், வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும்.

கேள்வி: கார்பன் வைத்த பிளேடைப் போட்டியில் அனுமதிப்பார்களா?

பதில்: தாராளமாக. தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு இழை அடுக்கும் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மி.மீ., இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இதுதான் விதி.

கேள்வி: கைப்பிடி அடிப்பக்கம் விரிந்ததா, நேரானதா, எதை எடுக்கலாம்?

பதில்: ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் இடையில் விரல்களைக் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பவர் என்றால் நேரானது. பிடியை மாற்றாதவர் என்றால் விரிந்தது, வியர்த்தாலும் கையை விட்டு நழுவாது.