வழுக்கை வழிவழியாக வருமென்றால் பிள்ளை வேண்டாமா?

(வாசகர்களின் கேள்விகளுக்குத் தோல் நோய் மருத்துவரின் பதில்கள்)

கேள்வி: எனக்கு 31 வயது. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 19 வயதில் நெற்றியோரத்தில் முடி கொட்டத் தொடங்கி, 26 வயதுக்குள் உச்சந்தலை வெறுமையாகிவிட்டது. கல்லூரியில் ‘சொட்டை’ என்பதே என் பெயராக இருந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில் ஜாதகம் பொருந்தி, வேலையும் பிடித்துப்போய், கடைசியில் ‘மாப்பிள்ளைக்கு வயசு அதிகமாத் தெரியுது’ என்ற ஒரு வரியில் கைவிட்டுப்போன சம்பந்தங்கள் பல. சென்ற ஆண்டு திருமணம் ஆயிற்று. மனைவி குழந்தை வேண்டும் என்கிறார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். நான் பட்டதை என் மகனும் படவேண்டுமா என்ற எண்ணம் என்னை விடவில்லை. என் அப்பாவுக்கும் அம்மாவின் அப்பாவுக்கும் வழுக்கை. மாமனாருக்கோ 60 வயதிலும் அடர்த்தியான முடி. ‘தாய்வழியில்தான் வரும், உன் பிள்ளைக்கு வராது’ என்கிறார் அம்மா. இது உண்மையா? கருவிலேயே இதைப் பரிசோதித்து அறிய முடியுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் அம்மா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோன் முடியின் வேரில் எவ்வளவு வலுவாகச் செயல்படும் என்பதில் பங்கு வகிக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ்தான் உண்டு. அது தாயிடமிருந்து வருவது. வழுக்கையோடு தொடர்புடைய மரபணுக்களில் மிக வலுவானது இதுவே என்பதால், ‘தாய்மாமன் தலையைப் பார்’ என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. இந்தக் கணக்கில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. எக்ஸ், ஒய் இரண்டில் நீங்கள் மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோமை மட்டுமே. உங்கள் எக்ஸ் அவனுக்குப் போகவே முடியாது. அது மகளுக்குப் போகும், அவள் வழியாகப் பேரனுக்குப் போகலாம்.

உங்கள் மாமனாரின் முடி நல்ல அறிகுறிதான், ஆனால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவியிடம் இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்று அப்பாவுடையது, மற்றொன்று அம்மாவுடையது. கருமுட்டை உருவாகும்போது இவ்விரண்டும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், பிறக்கும் மகனுக்கு இந்த இடத்தில் தாத்தாவின் மரபணு வருமா பாட்டியின் மரபணு வருமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாட்டியின் பங்கில் என்ன இருக்கிறது என்பதை அவருடைய கூந்தலைப் பார்த்து அறியவும் முடியாது, ஏனெனில் பெண்களின் உடலில் அது பெரும்பாலும் வெளியே தெரியாமலே இருந்துவிடும்.

அம்மாவின் பேச்சில் விடுபட்ட மறுபாதி, எக்ஸ் அல்லாத மற்ற குரோமோசோம்கள். உங்கள் அப்பாவுக்கும் வழுக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய எக்ஸ் உங்களுக்கு வரவில்லை என்றாலும் மற்றவற்றில் பாதி வந்திருக்கிறது. 1916இல் வழுக்கைக்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்திருந்தது. 2017இல் பிரிட்டனைச் சேர்ந்த 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தவர்கள், மரபணுத் தொகுப்பில் வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டார்கள்; அவற்றில் 40 இடங்கள் எக்ஸ் குரோமோசோமில் இருந்தன, மற்றவை எங்கும் சிதறிக் கிடந்தன. அத்தனையையும் கூட்டிப் பார்த்தும், குறிப்பிட்ட ஒரு மனிதருக்கு வழுக்கை விழுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அதுவும் ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் செய்யப்பட்ட கணக்கு. அதை அப்படியே நம் குடும்பங்களுக்குப் பொருத்தவும் முடியாது. ‘உமிழ்நீரை அனுப்புங்கள், வழுக்கை விழுமா என்று சொல்கிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவில் பரிசோதிக்க முடியுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான இடங்களில் சிறிது சிறிதாகப் பரவிக் கிடக்கும் ஒன்றை வடிகட்டித் தரும் பரிசோதனை கிடையாது. சோதனைக் குழாய் முறையில் உருவாகும் கருவை மரபணுச் சோதனைக்கு உட்படுத்துவதையும், நமது 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், அறியப்பட்ட மரபு நோய்களுக்காக மட்டுமே அனுமதிக்கிறது. வழுக்கை அந்த வரிசையில் வராது. வரக் கூடாது என்பதே என் கருத்தும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் வழுக்கையில் மரபின் பங்கு சுமார் 80 சதவீதம் என்கின்றன. இதைப் படித்துவிட்டு, ‘என் மகனுக்கு வழுக்கை விழ 80 சதவீத வாய்ப்பு இருக்கிறதாமே’ என்று என் அறையில் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது வேறு. ஒரு மக்கள்தொகையில் ஒருவர் தலைக்கும் இன்னொருவர் தலைக்கும் இடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபு விளக்குகிறது என்பதே அது. ஒரு குழந்தையின் தலையெழுத்தை அது கூறவில்லை. குடும்பத்தில் வழுக்கை இருந்தால் மகனுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனுக்கு 25 வயதிலும் தம்பிக்கு 50 வயதிலும் தொடங்குவதை நீங்களே உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள்.

மரபு மட்டும் இருந்தால் போதாது, ஹார்மோனும் வேண்டும். 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களில் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது முடி குறைந்ததையும் பதிவு செய்தார். அந்த ஹார்மோன் உடலில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி வேரைச் சுருக்குகிறது. உருப்பெருக்கிக் கருவியை உங்கள் தலையில் வைத்துப் பார்த்தால், ஒரே சிறு வட்டத்துக்குள் தடித்த கருமுடி ஒன்றும், அதன் அருகிலேயே பூனைமுடி போல் நிறம் வெளுத்து மெலிந்த ஒன்றும் நிற்பதைக் காணலாம். காதுக்குப் பின்னால் அதே கருவியை நகர்த்தினால் எல்லா முடியும் ஒரே தடிமனாக இருக்கும். இந்த மாற்றத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால் பெருமளவு நிறுத்தி வைக்கலாம். தலையில் தடவும் மினாக்சிடிலுக்கு அமெரிக்காவில் 1988இலும், வழுக்கைக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1997இலும் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் மகன் அடுத்த ஆண்டு பிறந்தாலும், அவனுக்கு முடி கொட்டத் தொடங்கும் வயது வருவதற்குள் இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. அதற்குள் என்ன கண்டுபிடிப்பார்கள் என்று நான் வாக்களிக்க மாட்டேன். இன்று இருப்பவையே உங்கள் அப்பா காலத்தில் இருந்ததைவிட எவ்வளவோ மேல்.

(திருமணத்துக்கு முன் அவசரமாக முடி நட்டுக்கொள்ள வரும் இளைஞர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. பின்தலையிலிருந்து முன்தலைக்கு இடம் மாறுவது முடி மட்டுமே. பிள்ளைக்குப் போகும் மரபணு நட்ட முடியைப் பார்த்து மாறாது.)

இனி நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பதற்கு வருகிறேன். ஆண்களின் பரம்பரை வழுக்கை உயிரைக் குறைப்பதில்லை, வலிப்பதில்லை, ஒருவரின் படிப்பையோ உழைப்பையோ தடுப்பதில்லை. உங்களை வாட்டியது உங்கள் தலையைப் பார்த்து மற்றவர்கள் பேசிய பேச்சு. அந்த வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. 19 வயதில் அது சிறியதாக இருக்கவும் முடியாது. ஆனால் அதற்காக ஒருவன் பிறக்காமலே இருப்பது மேல் என்று முடிவு செய்வது, உங்களைக் கேலி செய்தவர்களின் அளவுகோலை நீங்களே கையில் எடுத்துக்கொள்வதாகும். தோல் மருத்துவராகச் சொல்கிறேன்: இந்த ஒரு காரணத்துக்காகப் பிள்ளை வேண்டாம் என்று இருக்கத் தேவையில்லை.

வருமானம், பொறுப்பு, தந்தையாவதில் தயக்கம் என்று வேறு காரணம் ஏதேனும் உள்ளுக்குள் இருந்தால், அதை முடியின் மேல் ஏற்றிச் சொல்லாமல் மனைவியிடம் உள்ளபடியே சொல்லுங்கள். குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி எடுக்கும் முடிவை யாரும் குறைகூற முடியாது. காரணம் சொல்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் அவருக்குச் செய்யும் அநீதி. விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பது, தொப்பியில்லாமல் வெளியே வரத் தயங்குவது போன்றவை உங்களிடம் இருந்தால், முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது பல நேரங்களில் மாத்திரையைவிடப் பயன் தருகிறது.

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே தலைமுடி மிக மெல்லியது, புருவமும் இல்லை. வியர்வையே வராது; கோடையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டுதான் இருப்பான். பற்கள் சிலதான் முளைத்தன, அவையும் கூராக இருக்கின்றன. எனக்கு முடி நன்றாகவே இருக்கிறது, இரண்டு பற்கள் மட்டும் முளைக்கவில்லை. மாமன் மகனையே மணந்திருக்கிறேன். எங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இது வருமா?
வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முந்தைய கேள்வியும் உங்கள் கேள்வியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், மருத்துவத்தில் இரண்டும் வெவ்வேறு. பரம்பரை முடி உதிர்வு என்று யார் வந்தாலும் நான் முதலில் பல்லையும் நகத்தையும் பார்த்துவிட்டு, வியர்வை வருமா என்று கேட்பது இதற்காகத்தான். முடியோடு இவையும் பாதிக்கப்பட்டிருந்தால், குழந்தை பெறுவதற்கு முன் மரபியல் ஆலோசனை அவசியம்.

நீங்கள் விவரிப்பது எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்ற பிறவிக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். சிந்து பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இருந்த இதே நிலையை 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் டார்வின் எழுதிவைத்திருக்கிறார்: பன்னிரண்டே பற்கள், உடலில் மிகக் குறைந்த முடி, இளமையில் வழுக்கை, கோடையில் வறண்டு வாட்டும் தோல். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு அது வருவதில்லை, ஆனால் அவர்கள் அதைத் தம் மகன்களுக்குக் கடத்துகிறார்கள்; பாதிக்கப்பட்ட ஆண் தன் மகனுக்குக் கடத்துவதில்லை என்பதையும் அவர் குறித்தார். எக்ஸ் குரோமோசோம் பற்றித் தெரியாத காலத்தில் எழுதப்பட்டது அது. அதற்குக் காரணமான மரபணு 1996இல் கண்டறியப்பட்டது.

இந்த வகைதான் என்றால், நீங்கள் அந்த மரபணுவில் உள்ள மாற்றத்தைச் சுமப்பவராக இருக்கலாம். பற்கள் முளைக்காதது அதற்கு ஒரு தடயம், ஆனால் அதுவே சான்று ஆகாது. சுமப்பவர் என்று உறுதியானால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பும், ஒவ்வொரு மகளும் உங்களைப் போலச் சுமப்பவராக 50 சதவீத வாய்ப்பும் உண்டு. முதல் குழந்தை நலமாகப் பிறந்தாலும் இரண்டாவதற்கு அதே கணக்கு புதிதாகத் தொடங்கும். இவ்வகைக்கு உறவுத் திருமணம் காரணமல்ல. ஆனால் இதே அறிகுறிகளோடு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய வகை ஒன்றும் இருக்கிறது. அதில் மாமன் மகனை மணந்தது உண்மையிலேயே முக்கியமாகிறது. எனவே யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் உங்கள் தம்பியின் இரத்தத்தை மரபணுப் பரிசோதனை செய்யவேண்டும். அவரிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே, அதே மாற்றம் உங்களிடம் இருக்கிறதா, தேவைப்பட்டால் உங்கள் கணவரிடம் இருக்கிறதா என்று தேட முடியும். நோயுள்ளவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் பரிசோதித்தால், ‘இல்லை’ என்று வரும் முடிவை நம்ப முடியாது.

மாற்றம் தெரிந்துவிட்டால், கருவுற்ற 11ஆவது வாரம் முதலே நஞ்சுக்கொடித் திசுவைக் கொண்டு அறியலாம். கருவின் பாலினத்தைத் தெரிவிக்கத் தடைவிதிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, பாலினத்தோடு இணைந்த மரபு நோய்களுக்கான பரிசோதனையைப் பதிவு பெற்ற மையங்களில் அனுமதிக்கிறது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆயினும் கருவுறுவதற்கு முன்பே ஆலோசனைக்குச் செல்வது நல்லது, ஏனெனில் தம்பியின் முடிவு வர வாரங்கள் ஆகும்.

முடிவு என்னவாக இருந்தாலும், குழந்தை பெறுவதா என்பதை நீங்களும் கணவரும்தான் தீர்மானிக்கவேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் இல்லை, மாமியாருக்கும் இல்லை. இந்தக் குறைபாடு உள்ள பெரும்பாலோர் இயல்பான அறிவுத்திறனோடும் ஆயுளோடும் வாழ்கிறார்கள். ஆபத்து அதிகமாக இருப்பது முதல் சில ஆண்டுகளில்தான். வியர்க்காத குழந்தையின் உடல் சூடேறும்போது, அதைத் தொற்றுக் காய்ச்சல் என்று எண்ணிக் கம்பளியில் சுற்றுவார்கள். அதுதான் உயிருக்கு ஆபத்து. உங்கள் அம்மா தம்பியை எப்படிக் காப்பாற்றினார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடநூலிலும் அந்த விவரம் அவ்வளவு துல்லியமாக இருக்காது. அந்த மரபணு உருவாக்கவேண்டிய புரதத்துக்கு மாற்றாக ஒரு மருந்தைக் கருப்பையில் உள்ள பனிக்குட நீரில் செலுத்தியதால், பிறந்த குழந்தைகளுக்கு வியர்க்கும் திறன் கிடைத்ததாக 2018இல் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. மூன்று குழந்தைகளே அதில் இடம்பெற்றார்கள் என்பதால், நம்பிக்கை கொள்ளலாம், நம்பியிருந்துவிட முடியாது.

கேள்வி: என் கணவர் முடிக்காகத் தினமும் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. சாப்பிடுகிறார். நான் இரண்டு மாத கர்ப்பிணி. மாத்திரை அட்டையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். குழந்தைக்கு ஆபத்து உண்டா?
வாசகி, சென்னை

பதில்: அட்டையையும் உடையாத மாத்திரையையும் தொட்டதால் ஆபத்து இல்லை, மேல்பூச்சு மருந்தைத் தடுத்துவிடும். உடைந்த அல்லது பொடியான மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஏனெனில் மருந்து தோல் வழியே உள்ளே சென்றால் ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். கணவரின் விந்துவில் கலந்து வரும் அளவு மிகமிகக் குறைவு, அதற்காக அஞ்ச வேண்டாம். சில ஆண்களுக்கு இம்மருந்து விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கலாம். கருத்தரிப்பதில் தாமதம் இருக்கும் தம்பதியர் மருத்துவரிடம் பேசி அதை நிறுத்தி, சுமார் மூன்று மாதங்கள் கழித்து மறுபடி பரிசோதிப்பது வழக்கம். உங்களுக்கு அந்தச் சிக்கலே எழவில்லை. நீங்கள் தலையில் மினாக்சிடில் தடவிக்கொண்டிருந்தால் மட்டும் இன்றே நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது மகப்பேறு மருத்துவரிடம் தெரிவியுங்கள். கணவர் இரத்த தானம் செய்பவர் என்றால், கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமாவது காத்திருக்கவேண்டும். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படக்கூடும்.