நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேட, எண்ணில் தொடங்குங்கள்

கொள்ளுத்தாத்தா முனுசாமி வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போனார், கப்பல் பட்டியலில் பெயர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெயரை வைத்துத் தேடினால் கண்தான் வலிக்கும். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மூனசாமி, மூனியன் என எப்படியும் இருக்கலாம். முனுசாமிகளுக்கும் பஞ்சமில்லை.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேருக்கும் ஆளுக்கொரு காலனி எண், அதாவது நேட்டால் காலனி அரசு கொடுத்த பதிவு எண், உண்டு. அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அவருடைய திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, பிள்ளைகளின் பழைய சான்றிதழ்கள், இவற்றில் அந்த எண் இருக்க வாய்ப்பு அதிகம். டர்பன் உறவினர் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை கிளறச் சொல்லுங்கள்.

எண் கிடைத்துவிட்டால் மீதி சுலபம். பட்டியலில் அந்த வரியில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். சிலருக்கு 'இடது கன்னத்தில் தழும்பு' போன்ற அங்க அடையாளம்கூட இருக்கும். படிக்கும்போது ஆளே எதிரில் நிற்பதுபோல் இருக்கும்.

அப்புறம், ஊரைத் தேடும்போது வேலூர், திருவண்ணாமலையோடு நிறுத்திவிடாதீர்கள். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. உங்கள் ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கலாம்.