வாசகர் கேள்வி – பதில்: கோட்டில் தெரியும் கை

கேள்வி: நவீன ஓவியங்களில் ஒருவகையின் முன் நிற்கும்போது கண்ணை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரிவதில்லை. பெரிய வெள்ளைப் பரப்பில் கறுப்பு வண்ணத்தை நாலைந்து முறை இழுத்துவிட்டதுபோல இருக்கிறது. உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் எழுத்தோவியத்தோடு உறவுடையது என்கிறார்கள். இப்படிப்பட்ட படத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: உருவத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, வரிசையைத் தேடிப் பாருங்கள். எந்தக் கோடு முதலில் விழுந்தது, எது அதன்மேல் ஏறியது, தூரிகை எங்கே பரப்பைத் தொட்டது, எங்கே விட்டது என்று கேட்டுக்கொண்டே கண்ணை நகர்த்தினால் படம் மெல்லப் பிடிபடத் தொடங்கும். சீனாவிலும் ஜப்பானிலும் எழுத்தோவியத்தை, அதாவது தூரிகையால் எழுத்தை எழுதும் கலையை, ரசிப்பவர்கள் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் பார்த்துவருகிறார்கள். அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்ற முறை உண்டு. அதை எழுதப் படிக்கக் கற்ற எல்லோரும் சிறுவயதிலேயே பழகியிருப்பார்கள். எட்டாம் நூற்றாண்டுச் சீனத் துறவியான ஹுவாய்சு சுழற்றிச் சுழற்றி எழுதிய விரைவெழுத்தை இன்று பார்க்கும் ஒருவர், அது என்ன சொல் என்று உடனே பிடிபடாவிட்டாலும், அந்தக் கை போன வழியிலேயே தாமும் போய்ப் பார்க்க முடிவது அந்தப் பழக்கத்தால்தான்.

தாளும் இதற்கு உதவுகிறது. உறிஞ்சும் தாளில் மை விழுந்தால் அழிக்க முடியாது. தூரிகை தயங்கிய இடத்தில் மை பரவித் திட்டாகும். விரைந்த இடத்தில் மயிரிழைகள் பிரிந்து, கறுப்புக்கு நடுவே தாளின் வெண்மை கீற்றுக்கீற்றாகத் தெரியும். இந்தக் கீற்றுக்குச் சீனர்கள் ‘ஃபெய்பாய்’, அதாவது பறக்கும் வெண்மை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே தாளில் இருப்பது வடிவம் மட்டுமன்று, அந்த வடிவம் உண்டாக எடுத்துக்கொண்ட நேரமும் அங்கே படிந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஓவியர்களில் பலர் எழுத்தோவியத்திடம் விரும்பியது இதைத்தான். கொரிய ஓவியர் லீ ஊஃபான் 1970களில் வரைந்த ‘கோட்டிலிருந்து’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகையில் வண்ணம் தோய்த்து மேலிருந்து கீழே இழுக்கிறார். வண்ணம் தீர்ந்து கோடு மங்கி மறையும்வரை இழுக்கிறார். பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. படம் முழுவதும் அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கோட்டின் ஆயுளையும் நம்மால் அளக்க முடிகிறது.

கேள்வி: அமெரிக்க ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் கறுப்பு–வெள்ளைப் படங்கள் ஜப்பானிய எழுத்தோவியத்தைப் பார்த்துச் செய்தவை என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை என்பதே என் முடிவு. ஆனால் உங்கள் நண்பர் அப்படி எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. கிளைனின் கறுப்பு–வெள்ளைப் படங்கள் 1950இல் நியூயார்க்கில் ஈகன் காட்சிக்கூடத்தில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தன. அடுத்த ஆண்டே கியோட்டோவில் மொரிதா ஷிர்யூ என்ற எழுத்தோவியர் ‘பொகுபி’ என்ற இதழைத் தொடங்கி, அதன் முதல் இதழின் அட்டையில் கிளைனின் ஓவியத்தைப் போட்டார். அந்தப் படங்களின் ஒளிப்படங்களைச் சிற்பி இசாமு நொகுச்சி வழியாகப் பெற்று, ஜப்பானிய எழுத்தோவியர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் ஹசெகவா சபுரோ என்ற ஓவியர். பசிபிக் கடலுக்கு இரு கரையிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் ஆவலோடு பார்த்துக்கொண்ட காலம் அது. 1954இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜப்பானிய எழுத்தோவியக் கண்காட்சியும் நடந்தது.

ஆயினும் கிளைன் தம்மை எழுத்தோவியத்தோடு சேர்ப்பதை ஏற்கவில்லை. வெள்ளைத் துணியில் கறுப்புக் குறி போடுகிறேன் என்று நினைக்கிறார்கள், நான் கறுப்பைப் போலவே வெள்ளையையும் தீட்டுகிறேன், இரண்டும் சம முக்கியம் என்பது அவர் வாதம். அருகில் போய்ப் பார்த்தால் அவர் சொல்வது உண்மையென்று தெரியும். பல இடங்களில் வெள்ளை வண்ணம் கறுப்பின் விளிம்பை வெட்டிக்கொண்டு மேலேறியிருக்கும். எழுத்தோவியர் தாளின் வெண்மையைத் தொடுவதில்லை. கிளைன் அதைக் கறுப்போடு மோதவிடுகிறார். பயன்படுத்தியது வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசும் தூரிகைகள். அவர் பிறந்த ஊரோ பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் இருக்கிறது. 1950இல் வரைந்த ‘சீஃப்’ என்ற படத்துக்கு ஒரு ரயில் என்ஜினின் பெயரை வைத்தார். அந்தக் கோடுகளில் எனக்குப் பாலங்களும் இரும்புச் சட்டங்களும் தெரியுமே தவிர, மை உரைக்கும் கல்லும் தாளும் தெரிவதில்லை.

கிழக்கிலிருந்து உண்மையாகவே கற்றவர் என்று சொல்ல வேண்டுமானால் அமெரிக்க ஓவியர் மார்க் டோபியைச் சொல்லலாம். 1920களில் சியாட்டிலில் டெங் குவெய் என்ற சீன மாணவ நண்பரிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். 1934இல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய், கியோட்டோவில் ஒரு ஜென் மடத்தில் தங்கினார். பிறகு அவர் தீட்டிய படங்களில் இருண்ட பின்னணிமீது மெல்லிய வெள்ளைக் கோடுகள் நூலாம்படைபோலப் பின்னிக்கிடக்கும். ‘வெள்ளெழுத்து’ என்று அவை பெயர் பெற்றன. ஆரவாரமில்லாத படங்கள் என்பதாலோ என்னவோ, கிளைனைப் பேசுமளவுக்கு டோபியை யாரும் பேசுவதில்லை.

இந்தக் கதையின் ஜப்பானியப் பாதிதான் என்னை அதிகம் கவர்கிறது. மொரிதாவும் இனோவே யூஇச்சியும் வேறு மூவரும் சேர்ந்து 1952இல் ‘பொகுஜின்காய்’ என்ற குழுவை அமைத்தார்கள். அரூப ஓவியத்தோடு நெருங்கிவிட்ட பிறகு எழுத்தே தேவையா, வெறும் கோடு போதாதா என்ற கேள்வி அவர்களுக்கு முன் நின்றது. இனோவே அதைச் செய்தே பார்த்தார். 1955 வாக்கில் எனாமல் வண்ணத்தை எடுத்து, எழுத்தில்லாத வெறும் வீச்சுகளாகத் தாள் தாளாக நிரப்பினார். பிறகு எழுத்துக்கே திரும்பிவிட்டார். எழுத்து என்ற வரம்பு இருந்தால்தான் உடல் அதனோடு மல்லுக்கட்ட முடியும் என்பது அந்தத் திரும்பலில் எனக்குப் புலப்படுகிறது. வறுமையைக் குறிக்கும் ஒரே எழுத்தை அவர் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதினார். ஒன்றில் அது குனிந்து நடக்கும், இன்னொன்றில் காலூன்றி நிற்கும். பள்ளி ஆசிரியரான அவர், 1945 மார்ச் 10இல் டோக்கியோமீது நடந்த குண்டுவீச்சின்போது தம் பள்ளியிலேயே இருந்து உயிர்பிழைத்தவர். அன்று அங்கே மாண்டவர்களைப் பற்றி 1978இல் ஒரு பெருந்தாளில் எழுதியபோது, அந்த எழுத்துகளைப் படிக்காமல் வெறும் கோடாகப் பார்ப்பது யாருக்கும் கடினம்.

கேள்வி: இந்த ஓவியங்கள் எல்லாமே திட்டமிடாமல், அந்தக் கணத்தின் வேகத்தில் பிறந்தவை என்று எழுதுகிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: பாதிதான் நம்பலாம். விமர்சகர் ஹரால்டு ரோசன்பர்க் 1952இல் ‘செயல் ஓவியம்’ என்ற பெயரைச் சூட்டி, கேன்வாஸ் என்பது ஓவியர் செயல்படும் களம் என்று எழுதியதிலிருந்து இந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. ஹான்ஸ் நமூத் 1950இல் எடுத்த ஒளிப்படங்களும் அதற்குத் துணைநின்றன. தரையில் விரித்த துணியைச் சுற்றிவந்து அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் வண்ணத்தைச் சொட்டவிடும் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் ஓவியத்தைவிட ஓவியரின் அசைவையே நினைவில் வைத்துக்கொண்டார்கள். பொல்லாக்கோ தம் ஓவியத்தில் தற்செயல் என்று ஒன்று கிடையாது என்று மறுத்துவந்தார். டைம் இதழ் அவர் படங்களைக் குழப்பம் என்று எழுதியபோது, குழப்பமெல்லாம் இல்லை என்று சினந்து தந்தியே அடித்தார்.

ஹான்ஸ் ஹார்டுங் இன்னும் சுவையான உதாரணம். பாரிஸில் வாழ்ந்த இந்த ஜெர்மானியரின் கோடுகளைப் பார்த்தால் ஒரே மூச்சில் விசிறியவைபோல இருக்கும். ஆனால் ஏறத்தாழ 1960 வரை அவர் செய்தது என்ன தெரியுமா? சிறு தாளில் தன்போக்கில் கிறுக்கியவற்றில் தேர்ந்தெடுத்த ஒன்றைக் கட்டம் போட்டு, பெரிய கேன்வாஸுக்கு அப்படியே மாற்றினார். வீச்சின் கீற்றைக்கூடப் பொறுமையாகத் தீட்டினார். கிளைனும் பழைய தொலைபேசி டைரக்டரியின் தாள்களில் மையால் போட்ட சிறு வரைவுகளிலிருந்து பல பெரிய படங்களுக்குப் போனார். இது தெரியவந்ததும் ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. வேகமாகத் தோன்றும் கோடும் வேகமாகப் போட்ட கோடும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. மாறாக, பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் மத்தியூ உண்மையிலேயே வேகமானவர். 1956இல் பாரிஸின் சாரா பெர்னார் அரங்கில் கூட்டத்தின் முன்னிலையில் 4 மீட்டர் உயரமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட கேன்வாஸை வண்ணக்குழாய்களைப் பிதுக்கிப் பிதுக்கி நிரப்பினார். அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படிப்பதில் எனக்கு இருக்கும் ஆர்வம் அவருடைய ஓவியங்களைப் பார்ப்பதில் இருப்பதில்லை.

அமெரிக்க ஓவியர் சை ட்வாம்ப்ளியின் சாம்பல் நிறப் படங்களில் வேகமும் திட்டமும் பிரிக்கமுடியாதபடி கலந்திருக்கின்றன. 1960களின் இறுதியில் அவர் மெழுகுப் பென்சிலால் இழுத்த சுருள்கள், பள்ளிக் கரும்பலகையில் கையெழுத்துப் பயிற்சி செய்ததுபோல வரிவரியாக ஓடும். 1970இல் வரைந்த ஒரு பெரும்படத்துக்காக நண்பர் ஒருவரின் தோள்மீது உட்கார்ந்துகொண்டார். நண்பர் கேன்வாஸின் நெடுகப் பக்கவாட்டில் நடக்க, இவர் கோட்டை அறுபடாமல் இழுத்துக்கொண்டே போனார். தடையில்லாத ஓட்டத்துக்கு அத்தனை ஏற்பாடு தேவைப்பட்டது.

கேள்வி: படிக்கமுடியாத எழுத்தை எழுதுவதில் என்ன பயன்? வேடிக்கையா, ஏமாற்றா?

பதில்: யார் எழுதுகிறார்கள், யாருக்கு முன் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சீனக் கலைஞர் ஷூ பிங் 1987 முதல் 1991 வரை ஏறத்தாழ 4,000 எழுத்துகளைத் தாமே புனைந்து, மரத்தில் செதுக்கி, பழைய முறையில் அச்சிட்டுத் தொங்கவிட்டார். சீன எழுத்தின் உறுப்புகள் எல்லாம் அதில் இருக்கும், ஆனால் ஒன்றுகூட உண்மையான எழுத்தன்று. சீனம் அறியாதவர் அதை அழகென்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். அறிந்தவர்தான் தவித்துப்போகிறார், தமக்குத் தெரிந்த மொழி தம்மைக் கைவிட்டதுபோல அவருக்குத் தோன்றுகிறது. எழுத்து கையில் வைத்திருக்கும் அதிகாரத்தை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய படைப்பு அரிது. பிரெஞ்சு மொழிக் கவிஞரும் ஓவியருமான ஆன்ரி மிஷோ 1920களிலேயே இல்லாத எழுத்துகளை வரிவரியாக எழுதியிருந்தாலும், அவருடையது தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் எழுத்து. ஷூ பிங்கினுடையது பொதுவெளியை நோக்கியது.

சூடான் ஓவியர் இப்ராஹிம் எல்–சலாஹியின் அனுபவம் வேறுவகை. லண்டனில் பயின்று 1957இல் நாடு திரும்பிய அவர், கார்ட்டூமில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது மக்கள் அவற்றோடு ஒட்டவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, ஓவியத்தின் ஓரத்தில் சிறிதாக அரபு எழுத்துகளைச் சேர்த்தார். பார்வையாளர்கள் நெருங்கிவரத் தொடங்கினார்கள். பின்னர் அந்த எழுத்துகளையே பரப்பெங்கும் விரித்து, உடைத்தார். உடைந்த எழுத்துகளின் இடைவெளிகளிலிருந்து விலங்குகளும் செடிகளும் மனித முகங்களும் எழுந்து வந்தன என்று அவரே விவரித்திருக்கிறார். படிக்கமுடியாமல் போனது அங்கே இழப்பாக இல்லை. பாக்தாதில் ஷாகிர் ஹசன் அல் சயீத் 1971இல் ‘ஒற்றைப் பரிமாணம்’ என்ற பெயரில் எழுத்தை அடிப்படையாகக் கொண்ட ஓவியர்களை ஒன்றுதிரட்டினார். அரபு உலகெங்கும் பரவிய இந்தப் போக்குக்கு ‘ஹுரூஃபிய்யா’ என்று பெயர். இதில் வெறும் அலங்காரமாகப் போய்விட்ட படங்களும் ஏராளம் என்பதை மறைப்பதற்கில்லை.

கேள்வி: இந்திய ஓவியர்களில் இத்தகைய முயற்சி உண்டா?

பதில்: இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். ரவீந்திரநாத் தாகூர் தம் கையெழுத்துப்படிகளில் அடித்த சொற்களை அடிப்பதோடு விடாமல், ஓர் அடித்தலை இன்னோர் அடித்தலோடு கோட்டால் இணைத்து வடிவமாக்கும் பழக்கம் உடையவர். ‘பூரபி’ கவிதைகளை எழுதிய 1924ஆம் ஆண்டுப் படிகளில் பறவையும் விலங்குமாக அந்த வடிவங்கள் பெருகிக் கிடக்கின்றன. அங்கிருந்து ஓவியத்துக்கு நகர்ந்து, 1930இல் பாரிஸில் தம் முதல் கண்காட்சியை நடத்தினார். இன்னொருவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் எழுத்தின் சாயல் கொண்ட நெருக்கமான வரிகளும் பரப்பை நிறைக்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள் கொள்ள முயல வேண்டாம். வீச்சும் அங்கே இல்லை. பொறுமையாகக் கணக்கெழுதுபவரின் கைதான் தெரிகிறது. கைவீச்சு என்றாலே பெரிய உடலசைவு என்று நினைக்கிறோம், விரல்நுனியின் சிற்றசைவும் அதே அளவுக்குத் தடம் விடும்.

கேள்வி: தூரிகை எழுத்தை நானே பழக விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: நுனி கூரான, நீண்ட மயிர்த் தூரிகை ஒன்று, மை, மையை உறிஞ்சும் தாள் ஆகியவை போதும். தூரிகையைப் பேனாபோலச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடியுங்கள். மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் முழங்கையிலிருந்து இழுங்கள். பெரிய தாளானால் எழுந்து நின்று தோளிலிருந்து இழுங்கள். முதலில் எழுத்து வேண்டாம், கிடைக்கோடு மட்டும் போதும். தொடக்கத்தில் அழுத்தி, நடுவில் சீராக நகர்ந்து, முடிவில் சற்று நின்று தூக்கவேண்டும். போட்ட கோட்டைத் திருத்தாதீர்கள், அதன் பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். தேதி எழுதி எல்லாத் தாள்களையும் வைத்திருந்தால், கை எந்த வாரத்தில் தயங்குவதை நிறுத்தியது என்பதைப் பிறகு அவற்றிலேயே பார்த்துக்கொள்ளலாம்.