வளைவா, வாய்க்காலா?

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் ஓர் ஒழுங்கையில் வசிப்பவர்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, குளம் நிறையக் குப்பை. அண்மையில் சனசமூக நிலையத்தில் கூடிப் பேசினோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் ஒழுங்கை முகப்பில் வளைவு கட்டக் காசு தருவதாகச் சொல்கிறார்கள். இளைஞர்கள் குளத்தைத் தூர்வாரக் கேட்கிறார்கள். நடுவில் திறந்த முற்றம் கொண்ட பழைய நாற்சார் வீடு ஒன்றையும் காப்பாற்ற ஆசை. எதில் தொடங்கலாம்?

வாசகர், கொக்குவில்

அன்புள்ள நண்பருக்கு,

வளைவை விடுங்கள். யாழ்ப்பாணத்தில் வளைவுக்குப் பஞ்சமில்லை. கொடுப்பவர் பெயருக்கு இடம் வேண்டுமென்றால் சனசமூக நிலையச் சுவரில் ஒரு கல் பதித்துவிடலாம். பாவம், அவர்களும் ஊருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் கேட்கிறார்கள்.

குளத்தில் தொடங்குங்கள், ஆனால் உடனே உள்ளே இறங்காதீர்கள். நம்முடையது வற்றாத ஆறில்லாத குடாநாடு. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறுகள் ஊறுகின்றன. அந்த மழை குளத்துக்கு வந்து சேர்ந்த வழி இன்னும் இருக்கிறதா? கிடுகு வேலிக் காலத்தில் வெள்ளம் வேலிக்கு அடியால் ஓடியது. இப்போது ஆளுக்கொரு மதில். வாய்க்கால் அடைபட்ட குளத்தைத் தூர்வாரினால், முன்னதைவிட ஆழமான குப்பைக்கிடங்குதான் கிடைக்கும். அடுத்த மழைக்குக் குடையோடு நடந்து, வெள்ளம் எங்கே மறிபடுகிறது என்று கடதாசியில் வரைந்துகொள்ளுங்கள். யாருடைய மதிலில் துவாரம் விட வேண்டும் என்ற பேச்சு வரும்போது உங்கள் ஒற்றுமையின் அளவும் தெரிந்துவிடும். சிரமதானத்துக்கு நாள் குறிக்க முன்னர், குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பா, பிரதேச சபையின் பொறுப்பா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூட்டிய வீடுகளைப் பற்றி நீங்கள் அதிகம் செய்ய முடியாது. பிரிக்காத காணி உறுதி, மூன்று நாடுகளில் ஐந்து சகோதரர்கள் என்றால் விற்பதும் எளிதல்ல, திருத்தவும் மனம் வராது. ஆனால் வளவைத் துப்புரவாக்கவும் கிணற்றை வலையால் மூடவும் சம்மதக் கடிதம் கேளுங்கள். டெங்குவைக் காரணம் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

நாற்சார் வீட்டைச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே இயல்பாகத் தொல்பொருளாகக் கொள்கிறது. பிந்தியவற்றுக்கு வர்த்தமானியில் தனி அறிவித்தல் வேண்டும். அதுவரை வீட்டின் ஆயுள் உரிமையாளர் கையிலும் மேசன் கையிலும்தான். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். நல்லெண்ணத்தோடு திருத்தப்போய் இப்படிக் கெட்ட வீடுகள் ஏராளம். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேசனைத் தேடிப் பிடியுங்கள். வளைவுக் காசில் அவருக்குக் கூலி கொடுங்கள்.

கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் வந்தார்களா? ஒழுங்கையின் மறு தொங்கலில், பள்ளக் காணியில் இருப்பவர்கள்? சாதியைச் சொல்லிப் பொதுக் கிணற்றில் அள்ளவிடாமல் மனிதரை மறித்த ஊர்கள் நம்முடையவை. அழைப்பு இல்லாத கூட்டத்துக்கு அவர்கள் தாமாக வரமாட்டார்கள். நேரில் போய்க் கூப்பிடுங்கள். வெள்ளம் முதலில் ஏறுவது அவர்கள் முற்றத்தில்தான். எந்த மதில் அதை மறிக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அன்புடன்.