டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை

கேள்வி: குன்னூரில் குடியிருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துணி காயவே காயாது என்பதால் நான்கு வருடம் முன்பு டிரையர் வாங்கினோம். அதன் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறோம். இப்போது டிரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு இல்லை. பார்க்க வந்தவர் உள்ளே ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது என்று மாற்றினார்; நான்கே நாளில் மறுபடியும் அதே ஃபியூஸ் போய்விட்டது. புது மெஷின்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். மாற்றிய ஃபியூஸ் நான்கு நாளில் போனதென்றால் என் சந்தேகம் ஹீட்டர் மேல் இல்லை, அந்தக் குழாய் மேல்தான். அந்த ஃபியூஸ் தெர்மல் ஃபியூஸ். உள்ளே சூடு அளவு மீறினால் ஒரே தடவை அறுந்துவிடும், தானாகச் சேராது. பல மாடல்களில் அது ஹீட்டருக்குப் போகும் கரண்ட்டை மட்டும்தான் நிறுத்தும், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஏன் மீறுகிறது? சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முட்டி நிற்பதால்.

நம் மலையில் இதற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. ஈரத்தோடு வரும் சூடான காற்று, வெளியே பனியில் சில்லிட்டுக் கிடக்கும் குழாயில் பட்டதும் தண்ணீராகிவிடும், குழாய் எங்கே தொங்கித் தாழ்ந்திருக்கிறதோ அங்கே தேங்கும், அப்புறம் ஸ்வெட்டரிலும் டவலிலும் உதிர்கிற பஞ்சு அதில் ஒட்டி ஒட்டிக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு குழாயைக் கழற்றிப் பாருங்கள். அலசிக் காயவைத்து, முடிந்த அளவு குட்டையாக்கி, வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும்படி நேராக மாட்டுங்கள். குளிருக்குப் பயந்து குழாயின் வெளி முனையில் துணி எதுவும் திணித்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பஞ்சு வடிகட்டியின் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். இறங்காமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாத படலம் அடைத்திருக்கிறது, சோப்பும் பழைய பிரஷ்ஷும் போதும்.

சாயங்காலம் ஊரே கீசரைப் போடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 230-க்குச் செய்த ஹீட்டர் சுமார் 60 சதவீதச் சூடுதான் தரும். ஆனால் அது சூடு குறைவது. உங்களுடையது சூடே இல்லாதது.

இத்தனையும் முடித்த பிறகே ஃபியூஸை மாற்றச் சொல்லுங்கள், மாற்றும்போதே ஹீட்டரையும் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 2000 வாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 26 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. யாராவது ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரைச் சேர்த்து ஓட்டிவிடலாம் என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், பஞ்சு தீப்பிடிக்கும், வீட்டில் ஆள் தூங்கும் நேரத்தில்கூட.

முதல் தடவை ஓட்டும்போது குழாயின் வெளி முனையில் கையைக் காட்டிப் பாருங்கள். காற்று வேகமாக முட்ட வேண்டும். மெலிதாக வந்தால் மெஷினுக்குள்ளேயும் பஞ்சு சேர்ந்திருக்கிறது, உடனே நிறுத்திவிட்டு பின்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.