மெயின்டெய்னர் பதில் தராத டெபியன் பேக்கேஜ் – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன கமாண்ட்லைன் டூல் டெபியன் லினக்ஸில் மூன்று வருடமாக அப்டேட் ஆகவில்லை. அப்ஸ்ட்ரீமில், அதாவது டூலை எழுதுபவர்களிடம், அதற்குள் நான்கு வெர்ஷன் வந்துவிட்டது. டெபியனில் அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கு இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை. பேசாமல் ஃபோர்க் பண்ணி, தனிப் பிரதியாகப் பிரித்துக்கொண்டுவிடலாமா, இல்லை முறையாக எடுத்துக்கொள்ள வழி உண்டா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

ஃபோர்க் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்ஸ்ட்ரீம் உயிரோடுதான் இருக்கிறது. கேட்பாரற்றுக் கிடப்பது டெபியன் பேக்கேஜ் மட்டும்.

முதலில் அந்தப் பேக்கேஜின் டிராக்கர் பக்கத்தைப் பாருங்கள். ‘ஆர்ஃபன்’ (கைவிடப்பட்டது) என்று போட்டிருந்தால் வேலை சுலபம். ஆள் தேவைப்படும் பேக்கேஜ்களின் பட்டியலான டபிள்யூஎன்பிபி-யில் இருக்கும் பக்கின் (பிழைப் பதிவின்) தலைப்பை ‘ஐடிஏ’ (எடுத்துக்கொள்கிறேன்) என்று மாற்றி, ஓனராக உங்களைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். ‘ஆர்எஃப்ஏ’ என்றிருந்தால் மெயின்டெய்னர் இன்னும் பொறுப்பில் இருக்கிறார், ஆள் தேடுகிறார்; அவரிடம்தான் கேட்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால், அதாவது விட்டதாகவும் சொல்லாமல் தொடவும் செய்யாமல் இருந்தால், 2018 முதல் ‘சால்வேஜ்’ (மீட்டெடுப்பு) என்றொரு நடைமுறை இருக்கிறது. உங்களுக்கு அதுதான் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

‘ஐடிஎஸ்’ (சால்வேஜ் செய்ய எண்ணம்) என்று தொடங்கும் தலைப்பில், ‘இம்பார்ட்டன்ட்’ சிவியாரிட்டியுடன் ஒரு பக் போடுங்கள். அதை டபிள்யூஎன்பிபி-யில் போடக்கூடாது, அந்தப் பேக்கேஜின் மீதே போடவேண்டும். காரணங்களை எல்லோரும் பார்க்கும்படி காட்டுங்கள்: பதில் வராத பக்குகள், மெயின்டெய்னர் அல்லாத மற்றவர்கள் வரிசையாகச் செய்த அப்லோடுகள் (என்எம்யூ-க்கள்), புது வெர்ஷன் கேட்டுப் போட்ட பக். நீங்கள் தனியாக அனுப்பிய இரண்டு மெயில் இங்கே செல்லாக்காசு. மெயின்டெய்னருக்கும் பேக்கேஜின் அப்லோடர்ஸ் (இணைப் பராமரிப்பாளர்கள்) வரியில் உள்ள ஒவ்வொருவருக்கும் நேரடியாக சிசி போடுங்கள். மெயின்டெய்னர் எல்லாப் பேக்கேஜிலும் மௌனம் என்றால், காணாமல் போனவர்களைக் கவனிக்கும் எம்ஐஏ குழுவையும் சேருங்கள்.

பிறகு 21 நாள் காத்திருக்கவேண்டும். இதற்குள் அவர்களில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் விஷயம் அத்தோடு முடிந்தது. யாரும் பேசவில்லையென்றால், குறைந்தது 7 நாள் தாமதத்தோடு டிலேய்டு க்யூவில் (தாமத வரிசையில்) அப்லோடு செய்யலாம். ஆக, எப்படிப் பார்த்தாலும் நான்கு வாரம்.

பக்கில் எழுதும் தொனியில் கவனம். எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் மென்பொருள் விவகாரத்தில், களைத்துப்போன மெயின்டெய்னரை ‘புது ஆளைச் சேர்’ என்று பல பெயர்களில் மெயில் போட்டு நெருக்கினார்கள். அப்படி உள்ளே வந்தவர் 2024-இல் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவை வைத்தார். அதற்குப் பிறகு அவசரப்படுத்துகிறவர் மேல் சந்தேகம் வருவது நியாயமே. பேட்ச்சை முதலில் காட்டுங்கள், பேக்கேஜைப் பிறகு கேளுங்கள்.

அந்த 21 நாளை வீணாக்காதீர்கள். டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிள் சூழலில் எஸ்பில்டு என்ற டூல் கொண்டு பில்டு செய்து பாருங்கள். அப்ஸ்ட்ரீம் இடம் மாறியிருந்தால் புது வெர்ஷனைத் தேடும் வாட்ச் ஃபைல் வேலை செய்யாது, சரிசெய்யுங்கள். பழைய டெப் (பேக்கேஜ் ஃபைல்), புது டெப் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் டெப்டிஃப்பில் கொடுத்து, முன்பு இருந்து இப்போது இல்லாத ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் அப்லோடு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். சிடிபிஎஸ் என்ற பழைய பில்டு முறையில் எழுதிய ரூல்ஸை இன்றைய டிஎச் முறைக்கு மாற்றும் வேலையையும் புது வெர்ஷனையும் ஒரே கமிட்டில் திணித்தால், மேன்பேஜ் காணாமல் போனது எதனால் என்று உங்களுக்கே தெரியாது. கான்ஃபிக் ஃபைல் ஏதாவது நீக்கப்பட்டிருந்தால் மெயின்ட்ஸ்க்ரிப்ட் ஃபைலில் அதை அகற்றச் சொல்லும் ‘ஆர்எம் கான்ஃபைல்’ வரி வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஃபைல் பயனர்களின் மெஷினில் அப்படியே கிடக்கும்.

உங்களுக்கு அப்லோடு உரிமை இருக்காது. மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி ‘ஆர்எஃப்எஸ்’ பக் போட்டு, உங்களுக்காக அப்லோடு செய்யும் ஸ்பான்சரைத் தேடுங்கள். நான்கு வெர்ஷனில் வந்து சேர்ந்த ஃபைல்களின் லைசென்ஸ் காப்பிரைட் ஃபைலில் ஏறியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஸ்பான்சர் கிடைத்ததும், ரிப்பாசிட்டரியை டெபியனின் கிட் தளமான சால்சாவில் உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காமல் ‘டெபியன்’ குழுவின் கீழ் உருவாக்கித் தரச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் எந்த டெபியன் டெவலப்பரும் நேரடியாக புஷ் செய்யலாம். நாளை உங்களுக்கு நேரமில்லாமல் போனாலும் மற்றவர்கள் திருத்தங்களை அங்கேயே சேர்க்க முடியும்.