மெஷினைவிட ஃபார்ம்தான் பெரிது: கிளியரன்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மேரிலாந்தில் இருக்கிறேன் சார், போன வருடம்தான் அமெரிக்க சிட்டிசன் ஆனேன். ஃபோர்ட் மீட் ராணுவ முகாம் பக்கம் வருகிற நல்ல ஐ.டி. வேலைகளுக்கெல்லாம் ‘டாப் சீக்ரெட், எஸ்.சி.ஐ., ஃபுல் ஸ்கோப் பாலி தேவை’ என்று போட்டிருக்கிறார்கள். பணம் கட்டி இதை நானே எடுத்து வைத்துக்கொள்ள முடியாதா?

முடியாது. கிளியரன்ஸ் என்பது அரசு ரகசியங்களைப் பார்க்க அமெரிக்க அரசு தரும் அனுமதி: சீக்ரெட், அதற்கு மேலே டாப் சீக்ரெட், உளவுத் தகவல்களுக்கென்று தனியாக எஸ்.சி.ஐ. பாலி என்றால் பாலிகிராஃப், ‘பொய் கண்டுபிடிக்கும்’ மெஷின் டெஸ்ட்; ஃபுல் ஸ்கோப் என்றால் உளவு பற்றிய கேள்விகளோடு சொந்த வாழ்க்கைக் கேள்விகளும் உண்டு. இது பரீட்சை எழுதி வாங்குகிற சர்டிஃபிகேட் இல்லை. ஏதாவது ஒரு அரசுத் துறையோ, அதன் கான்ட்ராக்ட் கம்பெனியோ ‘இவர் எங்களுக்கு வேண்டும்’ என்று ஸ்பான்சர் செய்தால்தான் உங்கள் ஃபைலே திறக்கும். விசாரணைச் செலவு அரசாங்கத்தினுடையது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் ஓடி வந்துவிடுங்கள். பாலிகிராஃபும் அப்படித்தான்: 1988-இல் வந்த சட்டப்படி தனியார் முதலாளிகள் பெரும்பாலோர் அந்த டெஸ்ட் வைக்கவே கூடாது, இந்த மாதிரி வேலைகளுக்கு என்.எஸ்.ஏ., சி.ஐ.ஏ. போன்ற உளவு ஏஜென்சிகள்தான் நடத்தும். சீக்ரெட் மட்டும் கேட்கிற வேலை, ‘கிளியரன்ஸ் பெறத் தகுதி இருந்தால் போதும்’ என்று போட்ட வேலை, இவற்றில் நுழைவதுதான் உங்களுக்கு இப்போதைக்கு வழி.

கேள்வி: எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு கன்சல்டன்சி என் ரெஸ்யூமில் மூன்று வருட அனுபவத்தைக் கூட்டிப் போட்டது. இப்போது கிளியரன்ஸ் விசாரணைக்கான எஸ்.எஃப்-86 ஃபார்மை நிரப்ப வேண்டும். ரெஸ்யூமில் உள்ளபடியே எழுதிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். நம் ஆட்கள் பாலிகிராஃபை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள், இந்த ஃபார்மை ஒரே ராத்திரியில் நிரப்பித் தள்ளிவிடுகிறார்கள். அது பத்து வருட வேலை, பத்து வருட வீட்டு முகவரி எல்லாம் கேட்கும், விசாரணை அதிகாரி பழைய மேனேஜரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் தேடிப் போய்ப் பேசுவார், இல்லாத வேலைக்கு எந்த மேனேஜரைக் காட்டுவீர்கள்? தெரிந்தே பொய் எழுதுவது ஃபெடரல் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. உண்மையில் எங்கே வேலை பார்த்தீர்களோ அதை எழுதுங்கள், இடையில் சும்மா இருந்திருந்தால் வேலையில்லை என்றே எழுதுங்கள். பழைய ரெஸ்யூமைப் பற்றிக் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

கேள்வி: அம்மா, அண்ணன், மாமனார், மாமியார் எல்லாரும் இந்தியாவில். வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. கார்டும் என்னிடம் இருக்கிறது. நிராகரித்துவிடுவார்களா? சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற அத்தனை பேரையும் எழுத வேண்டுமா?

சொந்தம் வெளிநாட்டில் இருப்பதாலேயே யாரும் தள்ளிவிடுவதில்லை. 2017 முதல் எல்லாத் துறைக்கும் பொதுவாக 13 அளவுகோல்கள் இருக்கின்றன, அதில் ஒன்று வெளிநாட்டுச் செல்வாக்கு. அவர்கள் பார்ப்பது இதைத்தான்: அந்தச் சொந்தத்தை வைத்து யாராவது உங்களை நெருக்க முடியுமா, அண்ணன் அங்கே அரசிலோ ராணுவத்திலோ இருக்கிறாரா, உங்கள் சொத்து, கடன், பிள்ளைகள் எல்லாம் எந்தப் பக்கம் இருக்கிறது. அம்மா, அண்ணன், மாமனார், மாமியாரை உறவினர் பகுதியில் கட்டாயம் எழுத வேண்டும். சித்தப்பா மகனுக்கு மகன் பொங்கலுக்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்பினால் அது தொடர்பு இல்லை. கடந்த ஏழு வருடத்தில் பாசம், செல்வாக்கு, பொதுவான ஈடுபாடு, கடமை ஏதோ ஒன்றால் உங்களோடு நெருக்கமாகத் தொடர்ந்து இருந்தவர்களைத்தான் கேட்கிறார்கள். ஓ.சி.ஐ. குடியுரிமை இல்லை, ஆனாலும் மறைக்காதீர்கள். கிளியரன்ஸ் கிடைத்த பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருக்கும், அதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பயந்த சுபாவம். ட்ராஃபிக் போலீஸ் நிறுத்தினாலே கை நடுங்கும். அடுத்த மாதம் பாலி. உண்மையைச் சொன்னாலும் மெஷின் பொய் என்று காட்டிவிட்டால்?

அந்த மெஷினுக்குப் பொய் என்றால் என்னவென்றே தெரியாது. மூச்சு, ரத்த அழுத்தம், விரலில் வியர்வை, இவ்வளவுதான் அதற்குத் தெரியும், மற்றதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் ஊகம். வேலைக்கு ஆளைச் சலிக்க இதை நம்பும் அளவுக்குத் துல்லியம் போதாது என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலே 2003-இல் எழுதிவிட்டது. சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே மாஸ்கோவுக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 என்று இரண்டு முறை பாஸ் செய்தார், 1994-இல்தான் பிடிபட்டார்.

அப்புறம் ஏன் வைக்கிறார்கள் என்றால், ஜனங்கள் தாங்களே பேசிவிடுகிறார்கள், அதற்காக. ஒயர் மாட்டுவதற்கு முன்பு கேள்விகள் எல்லாவற்றையும் உங்களோடு பேசி முடிப்பார்கள். ஒளிவு மறைவு கிடையாது. மெஷின் ஓடி முடிந்த பிறகு, டெஸ்ட் எடுப்பவர் ‘இந்த ஒரு கேள்வியில் ஏதோ உங்களை உறுத்துகிறது, என்ன நினைத்தீர்கள்?’ என்று அமைதியாகக் கேட்பார், நீங்கள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆபீஸ் பேனா எடுத்து வந்ததில் ஆரம்பித்து, நடக்காததையும் நடந்ததாக ஊதிப் பெரிதாக்கிச் சொல்லத் தொடங்குவீர்கள். அதைச் செய்யாதீர்கள். சொல்ல இருப்பதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் ‘வேறு எதுவும் இல்லை’ என்று எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். நடுக்கம் அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

கேள்வி: நாக்கைக் கடித்துக்கொண்டால், மனசுக்குள் கணக்குப் போட்டால் மெஷினை ஏமாற்றலாம் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

அந்த வித்தையைக் காசுக்குச் சொல்லிக் கொடுத்த ஓக்லஹோமாக்காரர் ஒருவருக்கு 2015-இல் இரண்டு வருடச் சிறை கிடைத்தது. பொய் சொல்லப் போகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன மாறுவேட அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்து மாட்டினார். நீங்கள் நாக்கைக் கடிப்பது தெரிந்தால் உங்களை நிராகரிக்க அதுவே தனிக் காரணமாகிவிடும்.

கேள்வி: பாலி சரியாக வரவில்லை, ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுக்க கிளியரன்ஸ் கனவை மறந்துவிட வேண்டுமா?

முதலில் வந்த கடிதத்தை எடுத்து வைத்து வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘ஆஃபர் ரத்து’ வேறு, ‘கிளியரன்ஸ் மறுப்பு’ வேறு. அடுத்த எஸ்.எஃப்-86-இல் முன்பு மறுக்கப்பட்டதா என்று கேட்பார்கள், எது நடந்ததோ அதற்கேற்பத்தான் பதில். மெஷின் வரைந்த கோடு மேலே போனது, கீழே வந்தது என்பதை மட்டும் வைத்துப் பாதகமாக முடிவெடுக்கக் கூடாது என்று அந்த 2017 விதிகளிலேயே இருக்கிறது, ஆனால் அந்த அறையில் நீங்கள் வாயால் சொன்னது பதிவாகியிருக்கும், மற்ற ஏஜென்சிகளும் அதைப் பார்க்கலாம். அதனால் அன்றைக்கு என்னென்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பாலி கேட்காத வேலைகளுக்கு விண்ணப்பம் போடுங்கள்.